இரவல் சூட்டில் இரண்டு உயிர்கள்: முதலையும் பட்டுப்பூச்சியும்

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் அருவியில் குளித்து, பரிசல் ஏறி, மீன் வறுவல் சாப்பிட்டு முடித்த பிறகு முதலைப் பண்ணையையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கரையில் நான்கைந்து முதலைகள் ஒன்றன்மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு கிடக்கும். ஒன்று வாயை அகலப் பிளந்திருக்கும். அரை மணி நேரம் நின்று பார்த்தாலும் அசையாது. "இது நிஜ முதலையா, பொம்மையா?" என்று ஏதாவது ஒரு குழந்தை கேட்காமல் இருந்ததில்லை.

அப்படி ஒரு நாள் பார்த்துவிட்டு, பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குச் சாயங்காலம் போனேன். அவர்களிடம் ஒரு பட்டுப்புழுக் கொட்டகை இருந்தது. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய வெப்பமானி. பெரியம்மா புழுவைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தார்கள். "இருபத்தெட்டு தாண்டுச்சுன்னா புழு சரியா திங்காது கண்ணு" என்றார்கள். பகலெல்லாம் வெயிலுக்காகக் கிடந்த முதலையும், வெயிலுக்குப் பயந்து கூரைக்குள் வைக்கப்பட்ட புழுவும் ஒரே மாவட்டத்தில், ஒரே நாளில் கண்ணில் பட்டன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் இருப்பது நன்னீர் முதலை. சேற்று முதலை என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் குரோகோடைலஸ் பலுஸ்ட்ரிஸ். வளர்ந்த ஆண் மூன்று, மூன்றரை மீட்டர் நீளம் இருக்கும், எடை 200 கிலோவைத் தாண்டும். நான்கு மீட்டரைத் தொடுவதும் உண்டு. பட்டுப்பூச்சியின் பெயர் பாம்பிக்ஸ் மோரி. விரித்த சிறகு மூன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டர், எடை ஒரு கிராம் அளவுக்கு. மழைக்காலத்தில் மண்ணில் சிவப்பாக, வெல்வெட் துணி போல ஊர்வதையும் நம் ஊரில் பட்டுப்பூச்சி என்போம். அது எட்டுக் கால் பிராணி, உண்ணி வகை. இங்கே பேசுவது அதை அல்ல. மல்பெரி இலை தின்று கூடு கட்டும் புழு, சிறகு முளைத்து வெளியே வருமே, அந்த வெளிறிய அந்துப்பூச்சியைப் பற்றி.

எடையில் இரண்டு லட்சம் மடங்கு வித்தியாசம். ஆனால் அளவை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. இரண்டுமே தன் உடம்புக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத பிராணிகள். வெயிலிடமும் காற்றிடமும் நீரிடமும் இரவல் வாங்கித்தான் வாழ வேண்டும். அந்த இரவலை ஒன்று எப்படிச் செலவு செய்கிறது, இன்னொன்று எப்படிச் செலவு செய்கிறது என்று பார்த்தால்தான் இரண்டின் வாழ்க்கையும் விளங்கும்.

நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பை 37 டிகிரியில் வைத்திருக்கவே எரிந்துபோகிறது. முதலைக்கு அந்தச் செலவு கிடையாது. அதே எடையுள்ள ஒரு பாலூட்டிக்கு வேண்டிய இரையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். காலையில் கரையேறிச் சூடு ஏற்றிக்கொள்ளும். உச்சி வெயிலில் தண்ணீருக்குள் இறங்கும், அல்லது நிழலுக்கு நகரும். இரவில், பகலின் சூட்டை இன்னும் விடாமல் வைத்திருக்கும் தண்ணீருக்குள் கிடக்கும். வாயைப் பிளந்து வைப்பது தலைச் சூட்டைத் தணிப்பதற்கு என்பதே பொதுவான விளக்கம். மழையிலும் இரவிலும்கூட அப்படிச் செய்வதால், அது ஒன்றே காரணமாக இருக்க முடியாது. நமக்கு முன்னால் பொம்மை மாதிரிக் கிடக்கும் முதலை உண்மையில் ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது: செலவில்லாமல் இருக்கும் வேலை. பெரிய முதலை பல மாதங்கள் இரையில்லாமல் தாங்கும். குளம் வற்றினால் கரையில் தோண்டி வைத்த வளைக்குள் புகுந்துகொள்ளும், அல்லது இரவோடு இரவாகக் காட்டு வழியே நடந்து வேறு நீரைத் தேடிப் போகும்.

செலவு செய்யும்போது மொத்தமாகச் செய்யும். "முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா" என்ற பழமொழியில் இருப்பது வெறும் உவமை என்று நினைத்திருந்தேன். உடற்கூறும் அதையேதான் சொல்கிறது. முதலையின் தாடையை மூடும் தசைகள் மிகப் பெரியவை. இதன் உறவினமான உவர்நீர் முதலையின் கடி 16,000 நியூட்டனுக்கு மேல் அளக்கப்பட்டிருக்கிறது. ஒன்றரை டன் பாரத்துக்குச் சமம். திறக்கும் தசைகளோ மெலிந்தவை. பிடிக்கப்பட்ட முதலையின் வாயை வனத்துறையினர் கயிற்றாலோ ஒட்டுநாடாவாலோ கட்டியே அடக்கிவிடுகிறார்கள் என்றால் காரணம் அதுதான். பிடிப்பதற்கென்றே ஆன வாய்.

இப்போது கொட்டகைக்கு வருவோம்.

முட்டையிலிருந்து வரும் பட்டுப்புழு அரை மில்லிகிராம் கனம்கூட இருக்காது. கருப்பாக, மயிர் துண்டு போல இருக்கும். சுமார் 25 நாளில் அது நான்கு, ஐந்து கிராம் ஆகிறது. பத்தாயிரம் மடங்கு. இதை முதலைக் குஞ்சோடு வைத்துப் பார்த்தால்தான் வேகம் புரியும். முட்டையிலிருந்து வரும் முதலைக் குஞ்சு ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, 70 கிராம் அளவில் இருக்கும். பட்டுப்புழுவின் வேகத்தில் வளர்ந்தால் ஒரே மாதத்தில் அது 700 கிலோ ஆகியிருக்க வேண்டும். எந்த நன்னீர் முதலையும் வாழ்நாள் முழுக்க வளர்ந்தாலும் அந்த எடையைத் தொடாது. பெண் முதலை முட்டையிடும் பருவத்துக்கு வருவதற்கே ஆறேழு வருடம் ஆகிறது, ஆணுக்கு அதற்கும் மேல். அந்தக் காலத்துக்குள் பெரியம்மாவின் கொட்டகையில் எத்தனையோ தலைமுறைப் புழுக்கள் வந்துபோயிருக்கும்.

கடைசிப் பருவத்துப் புழுக்கள் தின்பதைக் கேட்டிருக்கிறீர்களா? தழை போட்டு ஐந்து நிமிடம் கழித்து விளக்கை அணைத்துவிட்டு நின்றால், ஓலைக் கூரையில் தூறல் விழுவது போல ஒரு சத்தம். முதன்முதலாகக் கேட்டபோது மழை வந்துவிட்டதென்று வெளியே எட்டிப் பார்த்தேன். வானத்தில் நட்சத்திரம் இருந்தது. ஒரு புழு தன் ஆயுளில் தின்னும் இலை இருபது, இருபத்தைந்து கிராம்தான். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தக் கடைசி ஏழெட்டு நாளில் தின்கிறது. அதனால்தான் அந்த வாரத்தில் பட்டு வளர்ப்போர் வீட்டில் யாரும் கல்யாணம், காதுகுத்துக்குக்கூடப் போக மாட்டார்கள். விடியற்காலையிலும் இரவிலும் தண்டோடு வெட்டி வந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இடையில் நான்கு முறை தோலுரிப்பு. அந்த நேரத்தில் புழு இலையைத் தொடாது; தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் பக்கம் அசையாமல் இருக்கும். "புழு தூங்குது, தட்டை ஆட்டாதே" என்பார்கள் பெரியம்மா. தூக்கம் இல்லை அது. பழைய தோலுக்கு உள்ளே புதுத்தோல் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆட்டக்கூடாது என்பது மிகச் சரி; பழைய தோல் நழுவ, புழு தன் கால்களால் படுக்கையைப் பற்றியிருக்க வேண்டும்.

தின்றதெல்லாம் எங்கே போகிறது? வளர்ந்து முடித்த புழுவின் உடம்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் பட்டுச் சுரப்பி. பழுத்த புழு கண்ணாடி போல ஆகிவிடும், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மஞ்சள் சாயல் தெரியும். சந்திரிகையில், அதாவது கூடு கட்டுவதற்கான தட்டியில், ஏற்றிவிட்டால் தலையை எட்டு போட்டு ஆட்டியபடி, இரண்டு மூன்று நாள் நிறுத்தாமல் நூற்கும். ஒரே இழை. நல்ல வெண்பட்டுக் கூட்டில் அது ஆயிரம் மீட்டர் அளவுக்கு வரும். நடுவில் ஃபைப்ராயின் என்ற புரத நூல், அதன்மேல் செரிசின் என்ற பசை.

அதன் பிறகு நடப்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கூட்டுக்குள் உருமாறி வெளியே வரும் பூச்சிக்கு வேலை செய்யும் வாய் கிடையாது. ஒரு சொட்டுத் தேன்கூட உறிஞ்ச முடியாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துத்தான் இணை சேர வேண்டும், முந்நூறிலிருந்து ஐந்நூறு முட்டை வரை இட வேண்டும், இறந்துபோக வேண்டும். எல்லாம் ஐந்திலிருந்து பத்து நாளுக்குள். முதலை தன் சேமிப்பைத் துளித்துளியாக நாற்பது ஆண்டுக்கும் மேல் செலவிடுகிறது. பட்டுப்பூச்சியோ ஒரு மாதம் சம்பாதித்து ஒரு வாரத்தில் முழுவதையும் கொடுத்துவிட்டுப் போகிறது. இரண்டுமே பட்டினி கிடக்கத் தெரிந்தவை. ஒன்றின் பட்டினி பிழைத்திருப்பதற்கு, மற்றதன் பட்டினி முடித்துவிடுவதற்கு.

இத்தனை தூரம் சொன்னது வாழ்க்கைச் செலவு. இரவல் சூடு இதைவிட ஆழமாகப் போய் வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது: முட்டை.

பனி முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் பெண் முதலை கரையில், தண்ணீர் எட்டாத மேட்டில், பின்னங்காலால் குழி பறித்து இருபத்தைந்து, முப்பது முட்டை இட்டு மூடிவிடும். அடைகாப்பது தாயின் உடம்புச் சூடு இல்லை, மண்ணின் சூடு. அந்தக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வரும் குரோமோசோமில் எழுதப்படவில்லை. முதலைக்குப் பால் நிர்ணயக் குரோமோசோமே கிடையாது. முட்டையின் வளர்ச்சியில் நடுவில் வரும் மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் மண் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணையில் 1980களில் நன்னீர் முதலை முட்டைகளை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 28 முதல் 31 டிகிரி வரை நிலையாக வைத்த முட்டைகளில் எல்லாம் பெண். 32.5 டிகிரியில் ஆண். அதற்குச் சற்று முன்னும் பின்னும் இரண்டும் கலந்து வந்தன. இன்னும் சூடு ஏறினால் குஞ்சுகள் பிழைப்பதே குறைகிறது. ஒன்றரை டிகிரி இடைவெளியில் ஒரு முழுக் கூட்டின் கதையும் மாறிவிடுகிறது.

பட்டுப்பூச்சியில் அப்படி இல்லை. அங்கே பால் என்பது குரோமோசோமில் உறுதியாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நம்மைப் போல் அல்லாமல் தலைகீழாக: நம்மில் ஆணுக்குத்தான் இரண்டு வேறு வகைக் குரோமோசோம், பட்டுப்பூச்சியில் பெண்ணுக்கு. இசட், டபிள்யூ என்ற இரண்டும் இருந்தால் பெண், இரண்டு இசட் இருந்தால் ஆண். டபிள்யூவில் இருக்கும் எது பெண்ணாக்குகிறது என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது ஒரு புரதம் இல்லை, 29 எழுத்து நீளமுள்ள ஒரு குட்டி ஆர்.என்.ஏ. ஆணாக்கும் செய்தியை அது வெட்டிவிடுகிறது, அவ்வளவுதான். வெப்பமானி எந்த அளவைக் காட்டினாலும் அந்த 29 எழுத்து மாறாது.

சரி, அப்படியென்றால் பூச்சியின் முட்டைக்குச் சூடு பொருட்டே இல்லையா? இருக்கிறது. ஆனால் வேறொரு கேள்விக்கு அது விடை சொல்கிறது.

வருடத்துக்கு இரண்டு தலைமுறை காணும் வெண்பட்டு இனங்களில் சில முட்டைகள் இட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிந்துவிடும். சில முட்டைகள் கருத்து, உறங்கிப்போய், குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான் பொரியும். எந்த முட்டை உறங்கும் என்பதை அந்த முட்டை பட்ட சூடு தீர்மானிப்பதில்லை. அதன் தாய் முட்டைக்குள் கருவாக இருந்தபோது பட்ட சூடும் வெளிச்சமும் தீர்மானிக்கின்றன. தாய் 25 டிகிரியில், வெளிச்சத்தில் கருவாக இருந்திருந்தால், அவள் பின்னாளில் இடும் முட்டைகள் உறங்கும். 15 டிகிரியில், இருட்டில் இருந்திருந்தால், அவள் முட்டைகள் உறங்காமல் பொரியும். கண் திறப்பதற்கு முன் பட்ட அந்தச் சூட்டை, நான்கு முறை தோலுரித்து, கூடு கட்டி, உடம்பையே கலைத்துப் புதிதாகக் கட்டிய பிறகும் அவள் மறப்பதில்லை. கூட்டுப்புழுவாக இருக்கும்போது அவள் தலைப்பகுதி நரம்பு முடிச்சிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து, சினைப்பையில் வளரும் முட்டைகளுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வெயில் காலத்தில் கருவானவளின் பிள்ளைகள் குளிர்காலத்தை நோக்கிப் போகிறவர்கள். அவர்கள் உறங்க வேண்டும். குளிரில் கருவானவளின் பிள்ளைகளுக்கு முன்னால் கோடை இருக்கிறது. அவர்கள் எழுந்து தின்ன வேண்டும். முதலை முட்டைக்குள் வரும் சூடு 'நீ யார்' என்று சொல்கிறது. பூச்சியின் முட்டைக்குள் வரும் சூடு 'உன் பிள்ளைகள் எப்போது எழ வேண்டும்' என்று சொல்கிறது. இரண்டுமே வெயிலைப் படிக்கின்றன. ஒன்று தன்னைப் பற்றி, மற்றது தன் அடுத்த தலைமுறையைப் பற்றி.

வித்தகங்களில், அதாவது பட்டு முட்டை தயாரிக்கும் நிலையங்களில், இந்த உறக்கத்தை மனிதர்கள் கையாள்கிறார்கள். விவசாயிக்கு மல்பெரி தயாராக இருக்கும்போது முட்டை வேண்டும், பூச்சி நினைக்கும் நேரத்தில் இல்லை. அதனால் முட்டைகளைக் குளிர் அறையில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். உடனே வேண்டுமென்றால், இட்ட ஒரு நாளுக்குள் சூடாக்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் நனைத்துக் கழுவி எடுக்கிறார்கள். குளிர்காலம் கடந்துவிட்டதைப் போல அந்த முட்டை எழுந்துகொள்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகள் வருடத்துக்கு ஐந்தாறு முறை பட்டுக்கூடு எடுக்க முடிவதற்குப் பின்னால் இந்த வேலை இருக்கிறது.

உணர்வுக்கு வருவோம். இங்கே இரண்டும் மிக நெருங்கி வருகின்றன, வழிதான் வேறு.

ஆண் பட்டுப்பூச்சியின் கொம்பு, அதாவது உணர்கொம்பு, சீப்பு போல இருக்கும். ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் அதில் ஒரே ஒரு வாசனைக்காகக் காத்திருக்கின்றன: பெண் பூச்சி வயிற்று நுனியிலிருந்து விடும் பாம்பிகால். ஜெர்மனியில் அடால்ஃப் பூடநாண்ட் குழுவினர் சுமார் ஐந்து லட்சம் பெண் பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்து, 1959இல் அதன் வேதி அமைப்பைச் சொன்னார்கள். ஒரு பிராணி தன் இனத்துக்குச் செய்தி சொல்ல விடும் இப்படிப்பட்ட பொருளைப் பெரமோன் என்பார்கள்; உலகில் அமைப்பு கண்டறியப்பட்ட முதல் பெரமோன் அது. அந்த வேலைக்கு இருபது ஆண்டு பிடித்தது. ஒரே ஒரு மூலக்கூறு பட்டாலே ஆணின் நுண்மயிரில் நரம்புத் துடிப்பு எழுகிறது என்று பின்னால் தெரிந்தது. பறக்க முடியாத அந்த ஆண், சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு வட்டம் சுற்றி நடப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்தப் படபடப்பு வீண் இல்லை. காற்றைத் தன் கொம்பை நோக்கி இழுத்து வாசனை வரும் திசையைக் கண்டுகொள்கிறது.

முதலையின் தாடை ஓரங்களை உற்றுப் பாருங்கள். மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரியும். அவை அழுக்கோ மச்சமோ இல்லை. தொடு உணர் மேடுகள். நன்னீர் முதலைக்கு உடம்பெங்கும் செதில்களில்கூட இவை உண்டு. அமெரிக்க அலிகேட்டர்களை இருட்டில் வைத்துச் சோதித்தபோது, தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்த சலனத்தைக் கண்டே அவை அந்தத் திசைக்குத் திரும்பின. 2012இல் வந்த ஓர் ஆய்வு, இந்த மேடுகள் மனித விரல் நுனியைவிட நுண்ணியவை என்று காட்டியது. ஒன்றரை டன் கடியைத் தாங்கும் அதே தாடையில் இத்தனை மென்மையான உணர்வு. அதற்குக் காரணம் அடுத்து வரும் காட்சியில் இருக்கிறது.

முட்டைக்குள் இருக்கும் முதலைக் குஞ்சுகள் பொரியும் நேரம் நெருங்கும்போது உள்ளிருந்தபடியே கீச்சிடும். மண்ணுக்கு மேலே காத்திருக்கும் தாய் அதைக் கேட்டுத் தோண்டும். குஞ்சுகளை வாயில் அள்ளித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். பொரியாத முட்டையை நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் மெல்ல உருட்டி ஓட்டை உடைத்துக் கொடுக்கும். வடநெம்மேலியில் ஆண் நன்னீர் முதலைகளும் கூட்டைத் திறந்து குஞ்சுகளைத் தூக்கிப் போனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எலும்பை நொறுக்கும் வாய், கோழிமுட்டையைவிடச் சற்றே பெரிய முட்டையை உடையாமல் பிடிக்கிறது.

பட்டுப்பூச்சித் தாய்க்குத் தன் குஞ்சைப் பார்க்கும் நாள் கிடையாது. அவளுடைய கடைசிக் கடமை வேறு மாதிரியானது. முட்டையிட்டு முடித்ததும் வித்தகத்தில் அவளை எடுத்துச் சிறு உரலில் நசுக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். பளபளக்கும் முட்டை வடிவ நோய்க்கிருமி வித்துகள் தெரிந்தால் பெப்ரின் நோய். அவள் இட்ட முட்டை அத்தனையையும் எரித்துவிடுவார்கள். தாயிடமிருந்து முட்டைக்குள் போகும் நோய் அது. 1860களில் பிரான்சின் பட்டுத் தொழிலே அதனால் சரிந்தபோது லூயி பாஸ்டர் கண்டுபிடித்துக் கொடுத்த சோதனை முறை, இன்றைக்கும் அடிப்படையில் அதேதான். 'நோயற்ற முட்டைத் தொகுதி' என்று அட்டையில் போட்டு வரும் ஒவ்வொரு வட்டத்துக்குப் பின்னாலும் இப்படிப் பார்க்கப்பட்ட தாய்ப்பூச்சிகள் இருக்கின்றன. முதலை தன் பிள்ளைகளுக்காகக் கூட்டுப் பக்கத்திலேயே நிற்கிறது. பட்டுப்பூச்சியின் பிள்ளைகளுக்காகப் பக்கத்தில் நிற்பது மனிதர்கள். சீனத்தில் காட்டுப் பட்டுப்பூச்சியைப் பழக்கத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டு ஆகிறது. அந்தக் காட்டு உறவினம் இன்றும் பறக்கிறது. வீட்டுப் பூச்சியோ பறப்பதை விட்டுவிட்டது; அதன் புழு கிளையில் விட்டால் காற்றுக்குத் தாங்கிப் பிடித்துக்கொள்ளக்கூடத் திணறும். நாம் நாளைக்கு விட்டுவிட்டால் அந்த இனம் உலகில் இராது.

முதலைக்கு நாம் செய்தது நேர்மாறு. இந்த மண்ணில் முதலையைக் கூர்ந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். சங்கப் பாடல்களிலேயே முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்கள் தனித்தனியாக வருகின்றன. இருந்தும் தோலுக்காகச் சுட்டும், முட்டையைத் தோண்டியும், வலையில் சிக்கியவற்றை அடித்தும் 1970களின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. 1975இல் ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1976இல் வடநெம்மேலிப் பண்ணையைத் தொடங்கினார்கள். அமராவதி அணையிலும் ஒகேனக்கல்லிலும் சாத்தனூரிலும் முட்டை சேகரித்துப் பொரித்து வளர்க்கும் பண்ணைகள் வந்தன. வடநெம்மேலியில் கவனித்ததில் சில பெண் முதலைகள் ஒரே வருடத்தில் இரண்டு முறை முட்டையிட்டன. குஞ்சுகள் பெருகின, விடுவதற்கு ஆறு போதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சுமார் ஆயிரம் முதலைகளைக் குஜராத்துக்கு அனுப்ப வேண்டி வந்தது அதனால்தான்.

கொள்ளிடக் கரையில் இருப்பவர்களிடம் இதைப் பேசும்போது கவனம் வேண்டும். வெள்ளம் வரும்போது முதலை வாய்க்கால் வழியே ஊருக்குள் வருகிறது. ஆடு மாடு போகிறது, துணி துவைக்கப் போனவர்கள் கடிபடுகிறார்கள், உயிரும் போயிருக்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லை வடநெம்மேலியில் வேலிக்கு வெளியே நின்று கேட்பதும், சிதம்பரம் பக்கத்தில் படித்துறை இல்லாத ஆற்றில் இறங்கிக் கேட்பதும் ஒன்றில்லை. முதலை அங்கே காலங்காலமாக இருந்தது என்பது உண்மை. குளிக்கவும் மாட்டைக் கழுவவும் மக்களுக்கு வேறு இடம் இல்லை என்பதும் உண்மை. வேலியிட்ட படித்துறையும் தெருக்குழாயும் வந்தால் பாதிப் பகை குறையும் என்றுதான் நான் நம்புகிறேன். முதலையைப் பிடித்துக்கொண்டுபோய் வேறு குளத்தில் விடுவது மட்டும் போதாது. அது நடந்தே திரும்பி வரும் பிராணி.

இனி வரும் கோடைகளில் இரண்டுக்கும் ஒரே கேள்விதான் காத்திருக்கிறது: சூடு இன்னும் ஏறினால் என்ன ஆகும்? போன மே மாதம் பெரியம்மா கொட்டகைக்குப் போனபோது, சன்னல்களில் ஈரச் சாக்கு தொங்கியது, கூரைமேல் தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வெப்பமானியில் முப்பது. இன்னும் இரண்டு டிகிரி இறக்க வேண்டும் என்று வாளியோடு மறுபடியும் கிளம்பினார்கள். அதே நேரம் காவிரிக் கரையில் ஏதோ ஒரு மேட்டில், முழங்கை ஆழத்தில், யாரும் தண்ணீர் தெளிக்காத முட்டைகள் இருந்திருக்கும். அவற்றின் தாயால் செய்ய முடிந்தது, முட்டையிடும் முன் நிழலா வெயிலா என்று இடம் பார்த்ததும், எவ்வளவு ஆழம் என்று தோண்டியதும்தான். மண் மூடிய பிறகு, குஞ்சு கீச்சிடும் வரை, அவளும் காத்திருக்கத்தான் வேண்டும்.